ஒரு தட்டு போனாலும் பதிவுகள் போகாமலிருக்க: ரெய்ட் அமைப்புக்கு முழுமையான வழிகாட்டி

வடமோடிக் கூத்து ஒன்று களரி ஏறினால் விடியும்வரை ஆடுவார்கள். கமரா ஒன்று செக்கனுக்கு 50 மெகாபிட் வீதம் எழுதினால் எட்டு மணி நேரத்தில் 180 ஜிகாபைட் சேரும்; இரண்டு கமரா என்றால் 360. பத்து இரவுகளைப் பதிந்தால் 3.6 டெராபைட், அதாவது 4 டெராபைட் வன்தட்டு ஒன்று ஏறத்தாழ நிறைந்துவிடும். மட்டக்களப்பு கல்லடியில் உள்ள என் சிறிய வேலைக்கூடத்தில் திருமண வீடியோக்களோடு இப்படியான கூத்துப் பதிவுகளும், கண்ணகி அம்மன் கோயில்களின் வைகாசிக் குளிர்த்திப் பாடல்களும் இருக்கின்றன. திருமண வீடியோவுக்குக் குடும்பத்தாரிடம் இன்னொரு பிரதி இருக்கும். கூத்துப் பழக்கும் முதிய அண்ணாவியார் ஒருவர் தன் கடைசிக் கூத்தில் மத்தளத்தை மடியில் வைத்துப் பாடிய இரவுக்கு, என்னிடம் உள்ளதைத் தவிர வேறு பிரதி இல்லை. கமராவை மூடும்போது அவர் கேட்டார்: "தம்பி, இது எத்தனை வருடத்துக்கு நிற்கும்?"

அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். ஸ்டூடியோ, பாடசாலை, கூட்டுறவுச் சங்கம், கோயில் நிர்வாக சபை என்று, மறுபடி உருவாக்க முடியாத கோப்புகளை வைத்திருக்கும் எவருக்கும் இது பொருந்தும்.

முதலில் அடிப்படை

வன்தட்டுக்குள் உலோகம் பூசிய தகடுகள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழல்கின்றன. அவற்றின்மேல் சில நானோமீட்டர் உயரத்தில் வாசிப்பு முனை மிதக்கிறது. தூசு, அதிர்ச்சி, தேய்மானம், மின்சுற்றுப் பழுது என்று ஏதாவது ஒன்று ஒருநாள் அதை நிறுத்தும். எந்த நாள் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. தம் நிலையங்களில் இருந்த ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து கூகுள் ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட கட்டுரையில், செயலிழந்த தட்டுகளில் பாதிக்கும் மேற்பட்டவை முக்கியமான நான்கு எச்சரிக்கை அளவீடுகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே போயிருந்தன.

பல தட்டுகளை ஒரே தொகுதியாகச் சேர்த்து இயக்கும் ரெய்ட் (RAID) முறை இந்த நிச்சயமின்மைக்கு வந்த விடை. 1988இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பாட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கட்ஸ் ஆகிய மூவரும் ஒரு கட்டுரையில் இதை முன்வைத்தார்கள். விலை கூடிய ஒரு பெரிய தட்டுக்குப் பதிலாக மலிவான சிறிய தட்டுகள் பலவற்றைச் சேர்த்தால் வேகமும் கொள்ளளவும் கிடைக்கும். ஆனால் தட்டுகள் கூடக்கூட, அவற்றுள் ஏதாவது ஒன்று பழுதாகும் வாய்ப்பும் கூடும். அதைத் தாங்குவதற்காகத் தரவோடு கொஞ்சம் மேலதிகத் தகவலையும் எழுதிவைப்போம் என்றார்கள்.

அந்த மேலதிகத் தகவல் என்ன என்பதை வயல் கணக்கில் சொல்வது எளிது. போடியார் ஒருவருக்கு மூன்று வட்டைகளில் வயல். ஒவ்வொன்றிலும் விளைந்த மூட்டைகளை ஒவ்வொரு கொப்பியில் எழுதுகிறார்: 40, 65, 30. நான்காவது கொப்பியில் மொத்தத்தை மட்டும் எழுதுகிறார்: 135. இரண்டாவது கொப்பியைக் கறையான் தின்றுவிட்டால் 135இலிருந்து 40ஐயும் 30ஐயும் கழித்தால் 65 திரும்பக் கிடைக்கிறது. நான்காவது கொப்பியில் எந்த வயலின் விளைச்சலும் தனியாக எழுதப்படவில்லை. ஆனாலும் எந்த ஒரு கொப்பி போனாலும் மீட்க அது போதும். இரண்டு கொப்பிகள் போனால் போதாது.

கணினி கூட்டலுக்குப் பதிலாக ஒற்றைப்படை, இரட்டைப்படை பார்க்கிறது. மூன்று தட்டுகளில் ஒரே இடத்தில் 1011, 0110, 1100 என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிரலிலும் எத்தனை 1 என்று எண்ணுங்கள். ஒற்றைப்படை என்றால் 1, இரட்டைப்படை என்றால் 0. முதல் நிரலில் 1, 0, 1: இரண்டு ஒன்றுகள், எனவே 0. இப்படியே நான்கு நிரலையும் பார்த்தால் 0001 வருகிறது. இதுதான் சமநிலைத் தகவல். நான்காவது தட்டில் எழுதப்படுகிறது. இப்போது நடுத் தட்டு போய்விட்டது. மிஞ்சிய 1011, 1100, 0001 ஆகிய மூன்றுக்கும் அதே எண்ணிக்கையைச் செய்து பாருங்கள், 0110 வரும். காணாமற்போன தட்டில் இருந்ததும் அதுவே. ஒரு தாளில் ஒருமுறை எழுதிப் பார்த்துவிடுங்கள். அதன்பிறகு ரெய்ட் பற்றி யார் என்ன சொன்னாலும் நீங்களே சரிபார்க்கலாம்.

படி 1: அளவைக் கணக்கிடுங்கள்

இன்று உள்ளது எவ்வளவு, ஆண்டுக்கு எவ்வளவு சேரும் என்று எழுதுங்கள். மூன்று ஆண்டுத் தேவைக்கு மேல் கால்பங்கு இடம் விடுங்கள். 4 டெராபைட் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும் தட்டைச் சில கணினிகள் 3.63 என்று காட்டும். உற்பத்தியாளர் ஆயிரம் ஆயிரமாகவும் கணினி 1024 ஆகவும் எண்ணுவதால் வரும் வேறுபாடு இது, கடைக்காரர் ஏமாற்றவில்லை.

படி 2: நிலையைத் தெரிவுசெய்யுங்கள்

ரெய்ட் 0 தரவைத் துண்டாக்கித் தட்டுகளுக்குப் பங்கிடுகிறது, அவ்வளவுதான். ஒன்று போனால் எல்லாம் போகும். வேகம் மட்டுமே தேவைப்படும் தற்காலிக வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். பதிவுகளைச் சேமிக்கும் இடமாக ஒருபோதும் வேண்டாம்.

ரெய்ட் 1 இரண்டு தட்டுகளிலும் ஒரே தரவை எழுதுகிறது. பாதி இடம் போகும். ஆனால் மிக எளிமையானது, மீட்பதும் எளிது. 4 டெராபைட் போதும் என்றால் இதற்குமேல் யோசிக்க வேண்டாம். சிறிய ஸ்டூடியோக்களில் பெரும்பாலானவற்றுக்கு நான் சொல்வது இதைத்தான்.

ரெய்ட் 5க்குக் குறைந்தது மூன்று தட்டுகள் தேவை. மேலே பார்த்த சமநிலைத் தகவல் ஒரே தட்டில் குவியாமல் எல்லாத் தட்டுகளிலும் மாறிமாறி எழுதப்படும். நான்கு 4 டெராபைட் தட்டுகளில் 12 டெராபைட் பயன்படுத்தலாம், ஒன்று போனால் தாங்கும். காகிதத்தில் மிக இலாபமாகத் தெரிவதால் பலர் இதைத்தான் தெரிவுசெய்கிறார்கள். நானும் செய்தேன். பெரிய தட்டுகளுக்கு இன்று நான் பரிந்துரைக்கமாட்டேன். காரணத்தை விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஒரு தட்டு போனதும் புதியதை நிரப்ப, மிஞ்சிய மூன்று தட்டுகளையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசிக்க வேண்டும். செக்கனுக்கு 150 மெகாபைட் வேகத்தில் 4 டெராபைட்டை முடிக்க ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இடையில் நீங்கள் வேலையும் செய்தால் இன்னும் நீளும். அந்த நேரம் முழுவதும் தொகுதிக்குப் பாதுகாப்பே இல்லை. மிஞ்சியவையும் அதே வயதுத் தட்டுகள், அதே வெப்பத்தில் ஓடியவை. அதோடு, சாதாரண வன்தட்டுகளின் விவரத்தாளில் 100 இலட்சம் கோடி பிட் வாசிப்புக்கு ஒன்றுவரை வாசிக்க முடியாத பிழை வரலாம் என்று எழுதியிருப்பார்கள். அது 12.5 டெராபைட். நம் மீட்பில் வாசிக்க வேண்டியது 12 டெராபைட். நடைமுறையில் தட்டுகள் இதைவிட நன்றாகவே நடந்துகொள்கின்றன. ஆனாலும் ஈடு இல்லாத பதிவுகளை அந்த ஓரத்தில் வைத்துப் பார்க்க எனக்கு மனம் வராது.

ரெய்ட் 6 இதற்காக வந்தது. வேறொரு கணித முறையில் இரண்டாவது சமநிலைத் தகவலையும் எழுதுவதால் எந்த இரண்டு தட்டுகள் போனாலும் தாங்கும். குறைந்தது நான்கு தட்டுகள்; நான்கில் 8 டெராபைட் கிடைக்கும். ரெய்ட் 10 என்பது ரெய்ட் 1 போன்ற இரட்டைத் தட்டுச் சோடிகளைச் சேர்ப்பது. அதிலும் 8 டெராபைட்தான். வேகம் கூட, மீட்பும் விரைவு. ஆனால் ஒரே சோடியின் இரண்டும் போனால் முழுத் தொகுதியும் போகும். வேலை வேகமா, பதிவின் ஆயுளா என்று உங்களையே கேட்டு முடிவெடுங்கள். என் கூத்துப் பதிவுகள் இப்போது ரெய்ட் 6இல் இருக்கின்றன.

படி 3: தட்டு வாங்குதல்

எல்லாத் தட்டுகளையும் ஒரே பெட்டியிலிருந்து, ஒரே உற்பத்தித் திகதியில் வாங்காதீர்கள். உற்பத்திக் குறை ஒன்று இருந்தால் ஒரே மாதத்தில் இரண்டு தட்டுகள் விழலாம். இரண்டு கடைகளில் வாங்குங்கள்.

வலையமைப்புச் சேமிப்புக்கென்று செய்த தட்டா என்று கேளுங்கள். மேசைக் கணினித் தட்டு வாசிக்க முடியாத ஓர் இடத்தைச் சந்தித்தால் அதையே ஒரு நிமிடத்துக்கு மேலும் திரும்பத் திரும்ப முயலும். தட்டு பதில் சொல்லவில்லை என்று நினைத்து ரெய்ட் அதைத் தொகுதியிலிருந்து வெளியே தள்ளிவிடும். சேமிப்புப் பெட்டிக்கான தட்டு ஏழு செக்கன் அளவில் முயற்சியைக் கைவிட்டு "முடியவில்லை" என்று சொல்லிவிடும். ரெய்ட் அந்த இடத்தை மற்றத் தட்டுகளிலிருந்து நிரப்பிக்கொள்ளும். இன்னொன்று: கூரை ஓடுபோல எழுத்துத் தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதும் வகைத் தட்டுகள் உண்டு. மீட்பின்போது அவை மிக மெதுவாகிவிடும். விவரத்தில் எஸ்எம்ஆர் (SMR) என்று இருந்தால் அது இந்த வகை; தவிர்த்து, அப்படி ஏற்றாமல் எழுதும் சிஎம்ஆர் (CMR) வகையைக் கேட்டு வாங்குங்கள்.

ஒரு தட்டு மேலதிகமாக வாங்கி உறை பிரிக்காமல் அலுமாரியில் வையுங்கள். மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ நீங்கள் தேடும் தட்டு அன்றே கடையில் இருக்கும் என்று சொல்ல முடியாது. கொழும்பிலிருந்து வரும்வரை காத்திருக்கும் நாட்கள்தான் தொகுதியின் மிக ஆபத்தான நாட்கள்.

படி 4: இடமும் மின்சாரமும்

கடலுக்கும் வாவிக்கும் நடுவில் வாழ்கிறோம். உப்புக் காற்று மின்சுற்றுப் பலகைகளைத் தின்னும் வேகம், வாவிக்குக் கிழக்கே கடலோரமான எழுவான்கரையில் மின்விசிறி வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரியும். தட்டுகள் இருக்கும் பெட்டியை ஜன்னலோரம் வைக்காதீர்கள். நிலத்தில் வைக்காதீர்கள், மாரி வெள்ளம் முதலில் தொடுவது நிலத்தைத்தான். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, காற்றோட்டமான இடத்தில், நெஞ்சு உயர இறாக்கையில் வையுங்கள். தட்டுகளின் வெப்பம் 45 பாகை செல்சியசைத் தாண்டவிடாதீர்கள்.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்ததை நாம் மறக்கவில்லை. ரெய்ட் 5, 6 எழுதும்போது தரவு ஒரு தட்டிலும் சமநிலைத் தகவல் இன்னொரு தட்டிலும் எழுதப்படுகிறது. இரண்டுக்கும் நடுவில் மின்சாரம் நின்றால் கொப்பியும் மொத்தக் கணக்கும் ஒத்துப்போகாது. அன்றைக்கு எதுவும் தெரியாது. பின்னொருநாள் தட்டு ஒன்று பழுதாகும்போது அந்தப் பிழையான மொத்தத்திலிருந்து கணக்கிட்ட பிழையான தரவு வந்து நிற்கும். ஆகவே யூபிஎஸ் அவசியம். அதை யூஎஸ்பி கம்பியால் பெட்டியோடு இணைத்து, மின்சாரம் போய் ஐந்து நிமிடத்தில் பெட்டி தானாக ஒழுங்காக அணைந்துவிடும்படி அமையுங்கள். இந்தக் கம்பி பல இடங்களில் யூபிஎஸ் வந்த பெட்டிக்குள்ளேயே கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

படி 5: தொகுதியைக் கட்டுதல்

ஆயத்தமாக வரும் நாஸ் பெட்டி (பல தட்டுகளைச் செருகி வலையமைப்பில் இணைக்கும் சேமிப்புப் பெட்டி) ஒன்றோ, பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் இயங்குதளமோ போதும். தனி ரெய்ட் அட்டை வாங்கினால், அட்டை பழுதாகும் நாளில் அதே வகை அட்டை தேடி அலைய வேண்டிவரும். லினக்ஸ் மென்பொருள் ரெய்ட் தன் அமைப்பு விவரத்தை ஒவ்வொரு தட்டிலும் எழுதிவைப்பதால், தட்டுகளைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலும் தொகுதியை எழுப்பலாம். எங்கள் ஊர் நிலைமைக்கு இதுவே ஏற்றது.

தட்டை மாட்டுவதற்கு முன் ஒவ்வொன்றின் தொடரிலக்கத்தையும் எழுதி, அந்தத் துண்டைத் தட்டு செருகும் வாயிலின் வெளிப்பக்கத்தில் ஒட்டுங்கள். இதை ஏன் வற்புறுத்துகிறேன் என்பதை எட்டாம் படியில் சொல்கிறேன். பிறகு பெட்டியின் சேமிப்புப் பக்கத்தில் தட்டுகளைத் தெரிந்து, நிலையைத் தெரிந்து, உருவாக்கச் சொல்லுங்கள். முதல் ஒத்திசைவு பல மணி நேரம் ஓடும். அது முடியும்வரை முக்கியமான எதையும் ஏற்றாதீர்கள்.

படி 6: வேண்டுமென்றே ஒரு தட்டைப் பிடுங்குங்கள்

தொகுதியில் உண்மையான தரவு வருவதற்கு முன்னரே செய்ய வேண்டிய ஒத்திகை இது. சோதனைக்கு ஒரு வீடியோவை ஏற்றி ஓடவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் நிலையில் தட்டைக் கழற்ற உங்கள் பெட்டி இடம்கொடுக்கும் என்றால் ஒன்றை வெளியே இழுங்கள். வீடியோ நிற்காது. கணினி காணாமற்போன தட்டை நான் மேலே காட்டிய கணக்கின்படி அந்தந்தச் செக்கனில் கணக்கிட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கும். முதன்முறை அதைப் பார்த்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன்.

அதே நேரத்தில் எச்சரிக்கை ஒலி கேட்கிறதா, உங்கள் கைபேசிக்கு மின்னஞ்சல் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் அமைப்பு முடியவில்லை என்று பொருள். லினக்ஸில் நிலையைக் காட்டும் கோப்பைத் திறந்தால் நலமாக உள்ள ஒவ்வொரு தட்டுக்கும் ஆங்கில 'யூ' எழுத்து ஒன்று நிற்கும். போன தட்டின் இடத்தில் ஓர் அடிக்கோடு மட்டும் கிடக்கும். அந்த அடிக்கோட்டை ஒத்திகையிலேயே கண்ணுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். பிறகு தட்டைத் திரும்ப மாட்டி, மீட்பைத் தொடக்கி, எத்தனை மணி நேரம் என்று குறித்துவையுங்கள்.

படி 7: மாதம் ஒருமுறை

தட்டின் ஒரு மூலையில் யாரும் வாசிக்காத பழைய கோப்பு கெட்டுப்போயிருந்தால், இன்னொரு தட்டு போகும் நாளில்தான் அது தெரியவரும். அதைத் தடுக்க முழுத் தட்டையும் வாசித்துச் சரிபார்க்கும் வேலையை மாதம் ஒருமுறை ஓடவிடுங்கள். டெபியன் லினக்ஸ் மாதத்தின் முதல் ஞாயிறன்று தானாகச் செய்யும். நாஸ் பெட்டிகளில் பெரும்பாலும் நீங்கள்தான் முடுக்கிவிட வேண்டும்.

தட்டின் நல அறிக்கையில் மூன்று எண்களைப் பாருங்கள்: இடம்மாற்றப்பட்ட பகுதிகள், முடிவுக்காகக் காத்திருக்கும் பகுதிகள், திருத்த முடியாத பகுதிகள். பூச்சியம் என்றால் நல்லது. கூடிக்கொண்டே போனால் தட்டு சாகக் காத்திராமல் மாற்றிவிடுங்கள்.

படி 8: தட்டு போன நாள்

ஐப்பசி மழை தொடங்கியிருந்த ஒரு காலையில் என் பெட்டி கத்தத் தொடங்கியது. அப்போது நான்கு தட்டில் ரெய்ட் 5. திரையில் "தட்டு 2" என்று இருந்தது. இடப்பக்கமிருந்து இரண்டாவதை இழுத்தேன். ஒலி நின்றுவிட்டது, திரையில் தொகுதியே காணவில்லை. அந்த மென்பொருள் பூச்சியத்திலிருந்து எண்ணுவது. அதன் கணக்கில் 2 என்றால் மூன்றாவது தட்டு. நலமாக இருந்த தட்டைப் பிடுங்கி, பழுதானதை உள்ளே விட்டிருந்தேன். கை நடுங்கியது. பெட்டியை அணைத்தேன், இழுத்த தட்டை அதே வாயிலில் திரும்ப வைத்தேன், தொடரிலக்கங்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். அந்த நேரத்தில் எதுவும் எழுதப்படாமல் இருந்ததால் தொகுதி மறுபடி எழுந்தது. மீட்பு 11 மணி நேரம் ஓடியது. நான் பக்கத்திலேயே கதிரை போட்டு இருந்தேன். அன்று போக இருந்தது அண்ணாவியாரின் இரவு.

எனவே வரிசை இதுதான். எச்சரிக்கை வந்ததும் முதலில் எதையும் தொடாதீர்கள். தொகுதி இன்னும் ஓடுகிறது. ரெய்ட் உங்களுக்குத் தந்திருப்பது இந்த அவகாசம்தான். ஈடு இல்லாத கோப்புகளின் பிரதி அண்மையில் எடுத்ததாக இல்லையென்றால், மீட்பைத் தொடங்குமுன் அவற்றை வெளித் தட்டொன்றுக்குப் பிரதி எடுங்கள். பழுதான தட்டின் தொடரிலக்கத்தைத் திரையில் பார்த்து, வாயிலில் ஒட்டிய துண்டோடு ஒப்பிட்டு, இன்னொருவரையும் வாசிக்கச் சொல்லுங்கள். பிறகே இழுங்கள். அலுமாரியில் உள்ள புதிய தட்டை வைத்து மீட்பைத் தொடக்குங்கள். முடியும்வரை எடிட்டிங் வேலை வேண்டாம்.

இரண்டாவது தட்டும் விழுந்து தொகுதி எழவில்லை என்றால் அணைத்துவிட்டு நில்லுங்கள். "புதிதாக உருவாக்கு" என்ற பொத்தானை மட்டும் அழுத்தாதீர்கள். மீட்கக்கூடிய நிலையில் இருந்த தரவு அந்த ஓர் அழுத்தத்தோடு போய்விடலாம்.

படி 9: கடலும் வாவியும் எட்டாத இடத்தில் ஒரு பிரதி

தவறுதலாக ஒரு கோப்புறையை அழித்தால் ரெய்ட் எல்லாத் தட்டுகளிலிருந்தும் உடனே அழிக்கும். பணம் கேட்கும் வைரஸ் கோப்புகளைப் பூட்டினால், பூட்டிய கோப்புகளை அக்கறையோடு காக்கும். திருட்டு, இடி, தீ எல்லாம் பெட்டியை முழுதாகவே கொண்டுபோகும். 1978 நவம்பர்ச் சூறாவளியும், 2004 டிசம்பர் 26இல் கல்லடி, நாவலடியிலிருந்து கல்முனை, மருதமுனை தாண்டியும் ஏறிவந்த கடலும், 2011 சனவரி வெள்ளமும் இந்த மண்ணில் நடந்தவை. ரெய்ட் காப்பது தட்டுப் பழுதிலிருந்து மட்டும்.

புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரவலாக்கிய விதி இதற்கு உண்டு: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு ஊரில். ரெய்ட் தொகுதி எத்தனை தட்டுகளைக் கொண்டதாக இருந்தாலும் ஒரு பிரதி என்றே எண்ணுங்கள். இரண்டாவது, வேலைக்கூடத்திலேயே, பிரதி எடுத்ததும் கழற்றிவைக்கும் வெளித் தட்டு. மூன்றாவதை வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் வைக்கலாம் என்று முதலில் நினைத்தேன். மாரியில் அங்கே பாதைகள் நீருக்குள் போவதை எண்ணி மனத்தை மாற்றிக்கொண்டேன். இப்போது அது பதுளையில் என் அக்கா வீட்டு அலுமாரியில், ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு காற்றுப் புகாத பெட்டியில் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பஸ்ஸில் ஒரு தட்டோடு போய், பழையதோடு மாற்றிக்கொண்டு வருகிறேன்.

மாற்றும்போது கோப்புப் பட்டியலைப் பார்த்தால் மட்டும் போதாது. பெயர் இருந்து உள்ளே ஒன்றும் இல்லாத கோப்புகளை நான் கண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஐந்து கோப்புகளை எழுந்தமானமாகத் தெரிந்து, நடுப்பகுதியிலிருந்து ஓடவிட்டுப் பாருங்கள். சென்ற முறை அக்காவின் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்து, அண்ணாவியாரின் இரவில் நாலாவது மணி நேரத்தைத் திறந்தேன். மத்தளமும் சல்லரியும் தெளிவாகக் கேட்டன. அக்கா அடுப்பைத் தணித்துவிட்டு வந்து நின்றார். விருத்தம் முடியும்வரை இருவரும் கேட்டோம். பிறகு பெட்டியின் மூடியில் அன்றைய திகதியை எழுதினேன்.